சேர்ந்தவர் எத்தனை? தேறியவர் எத்தனை?

பரிசளிப்பு விழாவில் அதிபர் அறிக்கை வாசிக்கும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. மங்கள விளக்கேற்றி, தேவாரம் ஓதி, பிரதம விருந்தினருக்கு மாலை சூட்டி முடிந்தபின் அதிபர் எழுவார். இவ்வாண்டு மாணவர் தொகை இவ்வளவு. புதிதாக எழும்பிய கட்டடம் இது. கைகொடுத்த நிறுவனங்கள் இவை. ஊர்களிலே நடத்திய கூட்டங்கள் இத்தனை என்று அடுக்குவார். சபையோர் கைதட்டுவர். பின்னர் நாடகம் தொடங்கிவிடும். சொல்லப்பட்ட தொகைகளுக்குப் பொருள் யாது, சொல்லாமல் விடப்பட்ட தொகைகள் எவை என்று எழுந்து கேட்டவர் ஒருவரையேனும் நாம் கண்டதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று கருதியே நமது சமூகம் பழகிவிட்டது.

அக்கருத்துப் பிழையானது என்பதை எடுத்துரைப்பதே இவ்வாரம் எமது நோக்கம். பாடசாலைகளைப் பொறுத்தவரையில் இந்த மௌனத்தால் விளையுங் கேடு சிறிதாயிருக்கலாம்; அங்கே பொதுப் பரீட்சை ஒன்று இருந்து உண்மையை ஓரளவுக்கு வெளியிட்டு விடுகிறது. ஆனால், உயர்தரப் பரீட்சை எழுதியும் பல்கலைக்கழகத்தின் வாயில் திறவாது நிற்கும் இளைஞருக்கும் யுவதியருக்கும் தொழிலும் தொழில்நுட்பமும் கமத்தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளின் நிலை வேறு. அங்கே இடாப்பில் ஏறிய பிள்ளை மூன்றாம் மாதம் நின்றுவிட்டால் அதை அறிந்து கவலைப்படுவோர் பெற்றாரைத் தவிர வேறு எவருமில்லை. ஆண்டறிக்கையில் அப்பிள்ளை சேர்ந்தவனாகவே நிற்பான். வீட்டிலோ வேலையின்றி நிற்பான். ஈற்றில் காணியை ஈடுவைத்துக் கடல் கடக்க வழி தேடுவான்.

இத்தகைய கல்லூரிகளை நூறாண்டுகளுக்கு மேலாக நடத்தி, வெற்றியையும் தோல்வியையும் எண்ணிக் குறித்து வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே அவற்றிற்குச் சமுதாயக் கல்லூரி என்று பெயர். அமெரிக்கரிடம் கல்வியைப் பற்றிக் கேட்டறிவது நமக்கு இழுக்கன்று. 1823 ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவியோர் அமெரிக்க மிசனரிமாரே. அவர்கள் தம் மதத்தைப் பரப்ப வந்தனர். நம்முன்னோர் அவர்களிடமிருந்து கணிதத்தையும் வானசாத்திரத்தையும் ஆங்கிலத்தையும் எடுத்துக்கொண்டனர். அந்தச் செமினரி 1855 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மூடும் முடிவை எடுத்தோர் கடல் கடந்து வந்தவர்கள். பிள்ளைகளை அனுப்பிய ஊரவரின் சம்மதம் அதற்கு வேண்டியிருக்கவில்லை. 1872 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்வரை அந்த இடம் வெறுமையாயிற்று. ஒரு கல்லூரி யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறதோ அவருக்கே அது உரியது என்பதை அன்றே நாம் கற்றிருக்க வேண்டும்.

ஆறு பேரில் தொடங்கிய கல்லூரி

1901 ஆம் ஆண்டில் இல்லினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் ஸ்ரான்லி பிறவுண் என்னும் பாடசாலைத் தலைவரும், சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹாப்பரும் கலந்து பேசி, பல்கலைக்கழகத்தின் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை ஊர்ப் பாடசாலையிலேயே கற்பிக்க ஏற்பாடு செய்தனர். தொடக்கத்திற் சேர்ந்தோர் ஆறு பேர். வீட்டுச் சோற்றை உண்டு, ஊரிலிருந்தபடியே உயர்கல்வி பெறலாம் என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்து திரும்பிய போர்வீரருக்கு 1944 ஆம் ஆண்டுச் சட்டமொன்று கல்விச் செலவைக் கொடுத்தது. சனாதிபதி துருமன் 1946 ஆம் ஆண்டில் நியமித்த ஆணைக்குழு, மறு ஆண்டில் வெளியிட்ட அறிக்கையிலே, குடிசனத்தில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் பதினான்கு ஆண்டுக் கல்வியைப் பெறத் தக்கவர் என்றும், அதன் இறுதி இரண்டாண்டையும் கட்டணமின்றி ஊர்தோறும் அளிக்கவேண்டும் என்றும் கூறியது. சமுதாயக் கல்லூரி என்ற பெயரைப் பரப்பியதும் அவ்வறிக்கையே. அறுபதுகளில் மாத்திரம் நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் திறக்கப்பட்டன. கலிபோர்னியா மாநிலம் 1960 ஆம் ஆண்டிலே வகுத்த பெருந்திட்டத்தில், பாடசாலை முடித்தோரில் முதல் எட்டிலொரு பங்கினருக்கு ஒரு பல்கலைக்கழகம், முதல் மூன்றிலொரு பங்கினருக்கு வேறொன்று, பயன்பெறக்கூடிய ஏனைய எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி என்று மூன்று வாயில்கள் வைக்கப்பட்டன. மூன்றாம் வாயிலில் நுழைந்தவன் இரண்டாண்டு கற்றபின் முதல் வாயிலுக்கே மாறிச் செல்லலாம் என்பதும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தது.

நமது நாட்டில் 1945 ஆம் ஆண்டில் இலவசக் கல்வியைக் கன்னங்கரா கொண்டுவந்தபோது எழுந்த நம்பிக்கையும் அத்தகையதே. நாம் முதல் வாயிலுக்காகவே போராடினோம். 1970 களில் தரப்படுத்தல் அவ்வாயிலை நம் பிள்ளைகளுக்குக் குறுக்கியபோது நாம் கொதித்தெழுந்தது நியாயமே. எனினும், மூன்றாம் வாயிலைப் பற்றி, அதாவது பெரும்பான்மையான பிள்ளைகள் நுழையவேண்டிய வாயிலைப் பற்றி, நாம் போதிய அளவுக்குச் சிந்தித்தோமா? எமது நெஞ்சைத் தொட்டுச் சொல்வதாயின், இல்லை. அப்புக்காத்துமாரும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் நிறைந்த சமூகத்தில் அந்த வாயில் தோற்றவர்க்குரியது என்ற இழிந்த எண்ணம் ஊறிக் கிடந்தது. அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

தொகையைக் குறுக்கு விசாரணை செய்க

கல்லூரித் தலைவர் எவரும் முதலிற் சொல்வது சேர்ந்தோர் தொகை. தொகை என்பது ஒரு சாட்சி. குறுக்கு விசாரணை செய்யாமல் ஒரு சாட்சியின் சொல்லை அப்படியே ஏற்கும் நீதிமன்றம் உண்டா?

அமெரிக்காவின் இரண்டாண்டுக் கல்லூரிகளிலே 2010 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 77 இலட்சம் மாணவர் கற்றனர். 2021 ஆம் ஆண்டில் அத்தொகை 47 இலட்சம். இதைக் கேட்டவுடன் கல்லூரிகள் பாழாயின என்று ஒருவர் கூறலாம். விசாரித்துப் பார்த்தால் வேறு காரணங்களும் வெளிவரும். முதலாவது, 2007 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்தோர் கல்லூரிக்குத் திரண்டனர். வேலை திரும்பியதும் கல்லூரி வெறுமையாயிற்று. நாட்டின் கஷ்டகாலமே கல்லூரியின் நல்லகாலமாயிருந்தது. இரண்டாவது, சில கல்லூரிகள் நான்காண்டுப் பட்டமும் வழங்கத் தொடங்கியதால் வேறு பட்டியலுக்கு மாற்றப்பட்டன. மாணவர் அதே கட்டடத்தில் இருக்க, தொகை மாத்திரம் இடம் மாறியது. மூன்றாவது, 2020 ஆம் ஆண்டுக் கொள்ளைநோய். ஏழைப் பிள்ளைகளே அப்போது முதலில் நின்றனர்.

அதன் பின்னர் தொகை மீண்டும் ஏறிவருகிறது என்று தலைவர்கள் மகிழ்கின்றனர். அங்கும் ஒரு கேள்வி உண்டு. இன்று அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி மாணவரில் ஐந்திலொருவர் அளவில், பாடசாலையிலே படித்துக்கொண்டே கல்லூரிப் பாடமொன்றிரண்டையும் பயில்வோர். அது நல்ல ஏற்பாடே. ஆயினும், வேலை இழந்து தொழில் கற்க வந்த நாற்பது வயதுத் தகப்பனையும், பாடசாலை வாங்கில் இருந்தபடியே ஒரு பாடம் எடுக்கும் பதினாறு வயதுப் பிள்ளையையும் ஒரே தொகையாகக் கூட்டிச் சொன்னால், எவருக்குப் பணி செய்யப்பட்டது என்பது மறைந்துபோகும்.

இன்னுமொரு விந்தை கேளுங்கள். கலிபோர்னியாவிலே 2021 ஆம் ஆண்டளவில், சமுதாயக் கல்லூரிகளுக்கு இணையவழியாக வந்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு போலியானவை என்று சந்தேகிக்கப்பட்டது. உதவிப்பணத்தைச் சுருட்டும் பொருட்டு மோசக்காரர் கணினிகளைக் கொண்டு ஆளில்லாப் பெயர்களைச் சேர்த்தனர். வகுப்பு நிறைந்துவிட்டது என்று உண்மையான மாணவன் திருப்பி அனுப்பப்பட்டான். உள்ளே இருந்ததோ பேய்மாணவர்! இடாப்பிலே பெயர் இருப்பதால் ஆள் இருப்பதாகக் கொள்ளலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சேர்ந்த தொகையை விட்டு, முடித்த தொகைக்கு வருவோம். அங்குள்ள அரசினர் சமுதாயக் கல்லூரிகளில் முழுநேரமாகச் சேர்ந்தோரில், குறித்த காலத்திலும் ஒன்றரை மடங்கு காலத்துக்குள் படிப்பை முடிப்போர் பத்துக்கு மூவர் அளவிலேயே. நூறு பேர் சேர்ந்தால் அவருள் எண்பது பேர் வரையில் இளமாணிப் பட்டம் பெறுவதே தமது நோக்கம் என்பர். மூன்றிலொரு பங்கினரே பல்கலைக்கழகத்துக்கு மாறுகின்றனர். ஆறாண்டுக்குள் அப்பட்டத்தைப் பெறுவோர் பதினாறு பேரளவில் மட்டுமே. செல்வம் மிக்க நாட்டிலே இந்த நிலை. எனினும் ஒன்றை மறக்கலாகாது: இந்த வெட்கக்கேடான தொகைகளை அவர்களே எண்ணினர், அவர்களே வெளியிட்டனர். அதனாலேயே திருத்தவும் முற்பட்டனர்.

விதைத்த நெல்லின் அளவைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, சூடடித்து அளந்த நெல்லைப் பற்றி வாய் திறவாத கமக்காரனை ஊர் மதிக்குமா? கல்லூரிக்கு மாத்திரம் அந்த நியாயம் பொருந்தாதோ?

கைச்சாத்தும் கைப்பயனும்

அறிக்கையில் அடுத்து வருவது கூட்டுறவு. இன்ன பல்கலைக்கழகத்தோடு, இன்ன கம்பனியோடு, இன்ன வெளிநாட்டு நிறுவனத்தோடு புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று என்பர். கைகுலுக்கும் படம் பத்திரிகையில் வரும். சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் நாம் ஒன்றைச் சொல்லவேண்டும். புரிந்துணர்வு உடன்படிக்கை என்பது பெரும்பாலும் வழக்காடக்கூடிய ஒப்பந்தமன்று. மீறினால் நட்டஈடு இல்லை. மீறியது என்று முறையிட மன்றும் இல்லை. எத்தனை பிள்ளைகளுக்கு இடம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு சம்பளத்தில், எவர் பொறுப்பில் என்ற நான்கும் எழுதப்படாத பத்திரம் வெறும் வாழ்த்துப் பத்திரமே.

எழுதிச் செய்த கூட்டுறவு எப்படியிருக்கும் என்பதற்குக் கென்ரக்கி மாநிலத்தைக் காட்டலாம். அங்கே ரொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலை 2010 ஆம் ஆண்டில் அயலிலுள்ள சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியிற் படிப்பு, மூன்று நாள் தொழிற்சாலையில் வேலை, வேலைக்குச் சம்பளம், ஐந்து தவணையில் முடிவு. பின்னர் வேறு தொழிற்சாலைகளும் சேர்ந்தன. 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி அத்திட்டத்திற் சேர்ந்தோரில் ஐந்துக்கு நால்வர் அளவில் படிப்பை முடித்தனர். சேர்க்கும்போதே தெரிந்தெடுத்துச் சேர்த்த சிறுதொகையினர் அவர் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆயினும், கம்பனி தன் பணத்தையும் தன் இயந்திரத்தையும் தன் மேற்பார்வையாளரின் நேரத்தையும் முன்வைத்தது. அது கூட்டுறவு.

பல்கலைக்கழகத்தோடு செய்யும் உடன்படிக்கைக்கும் இதே உரைகல் உண்டு. அமெரிக்க அரசாங்கத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையிலே, ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய மாணவர் தாம் முன்னர் பெற்ற பாடப்பெறுமதியில் சராசரியாக 43 வீதத்தை இழந்தனர் என்று மதிப்பிட்டது. இரண்டாண்டு உழைப்பில் அரைவாசிக்குச் சற்றுக் குறைந்த பங்கு காற்றோடு போயிற்று! இதைத் தவிர்க்கும் வழியும் அங்கேயே உண்டு. புளோரிடா மாநிலத்து வலென்சியாக் கல்லூரியில் இரண்டாண்டுப் பட்டத்தை முடித்தவருக்கு மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் அனுமதி நிச்சயம் என்று இரு நிறுவனங்களும் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துள்ளன. சேரும் நாளிலேயே மாணவனுக்கு வழியின் முடிவு தெரிகிறது. 2011 ஆம் ஆண்டில் சமுதாயக் கல்லூரிகளுக்கென முதன்முறை வழங்கப்பட்ட அஸ்பென் பரிசை அக்கல்லூரி பெற்றது.

கூட்டுறவில் ஓர் அபாயமும் உண்டு. கம்பனிக்கு இன்று வேண்டிய கைவேலையை மாத்திரம் பழக்கி, கணக்கும் மொழியும் சிந்தனையும் கற்பியாது விட்டால், கம்பனி இயந்திரத்தை மாற்றும் நாளில் பிள்ளையும் பழைய இரும்போடு வீசப்படுவான். கல்லூரி கம்பனியின் கூலி ஆளாகலாகாது.

வாயிலில் நிற்பவன் யார்?

மூன்றாவதாக வருவது, மக்களை நாடிச் செல்லுதல். துண்டுப்பிரசுரம் அச்சிட்டோம், பாடசாலைகளுக்குச் சென்று பேசினோம், கண்காட்சி நடத்தினோம் என்பதோடு நம் அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. உண்மையான நாடிச் செல்லுதல், வராதவன் ஏன் வரவில்லை என்றும், வந்தவன் ஏன் நின்றான் என்றும் கேட்பதிலேயே தொடங்குகிறது.

ரெக்சாஸ் மாநிலத்து அமரில்லோக் கல்லூரி அக்கேள்வியைத் தன் மாணவரிடமே கேட்டது. பாடம் விளங்கவில்லை என்பதன்று அவர் சொன்ன முதற்காரணம். உணவு, வாடகை, பயணச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை என்பனவே. கல்லூரி உணவுக் களஞ்சியம் ஒன்றைத் திறந்தது. அவசரப் பண உதவிக்கு நிதியம் வைத்தது. உதவி வழங்குங் கந்தோரை மாணவர் கண்ணிற்படும் இடத்தில் அமைத்தது. 2023 ஆம் ஆண்டில் அக்கல்லூரியும், கலிபோர்னியாவின் கமத்தொழிற் பிரதேசமொன்றிலுள்ள இம்பீரியல் வலிக் கல்லூரியும் அஸ்பென் பரிசைப் பகிர்ந்துகொண்டன.

நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 ஆம் ஆண்டிலே தனது சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரமாகப் படிக்கவேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்கு, அடிக்கடி சந்தித்துப் பேசும் ஆலோசகர், புத்தகச் செலவு, கட்டணக் குறைநிரப்பு, போக்குவரத்துச் சீட்டு ஆகியன வழங்கப்பட்டன. திருவுளச்சீட்டு முறையிலே மாணவரை இரு பகுதியாக்கி ஆராய்ந்தபோது, மூன்றாண்டுக்குள் முடித்தோர் திட்டத்திற் சேர்ந்த பகுதியில் 40 வீதம். சேராத பகுதியில் 22 வீதம். ஒஹாயோ மாநிலத்து மூன்று கல்லூரிகள் அதனைப் பின்பற்றியபோது 35 வீதமும் 19 வீதமும் ஆயின. ஒரு மாணவனுக்கு ஆன செலவு கூடியது. ஆனால் படிப்பை முடித்த ஒருவனுக்கு ஆன செலவென்று கணக்கிட்டபோது நியூயோர்க்கில் அது குறைந்தது. பஸ் காசைச் சில்லறை விஷயம் என்று எண்ணும் நிருவாகிகள் இத்தொகைகளைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வார்களாக.

ரென்னசி மாநிலம் 2014 ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, லொத்தர் வருமானத்திலிருந்து, பாடசாலை முடித்த எவருக்கும் ஏனைய உதவிகள் போக எஞ்சும் சமுதாயக் கல்லூரிக் கட்டணத்தைக் கொடுக்க முன்வந்தது. ஒவ்வொரு தவணையும் எட்டு மணித்தியாலம் ஊருக்குத் தொண்டு செய்யவேண்டும். ஊரிலுள்ள பெரியோர் ஒருவர் அப்பிள்ளைக்கு வழிகாட்டியாயிருப்பார். 2015 ஆம் ஆண்டில் புதிதாகச் சேர்ந்தோர் தொகை ஏறக்குறைய காற்பங்கு உயர்ந்தது. கட்டணத்தை நீக்கியது மாத்திரமன்று, எல்லோருக்கும் உண்டு என்று ஒரே சொல்லில் விளங்கச் சொன்னதும் அவ்வுயர்வுக்குக் காரணம் என்பது எமது கருத்து. இருபது நிபந்தனைகளுள்ள சுற்றறிக்கையைக் கண்டு ஏழை ஒதுங்கிவிடுவான்.

கமக்காரரான வாசகர்களுக்கு இன்னுமொன்று. அயோவா மாநிலத்து கேர்க்வுட் சமுதாயக் கல்லூரி தனக்கெனப் பண்ணை வைத்து, கால்நடை வளர்த்து, பயிர் செய்து, அதிலேயே கமத்தொழிலைக் கற்பிக்கிறது. கரும்பலகையில் மாத்திரம் விளையும் நெல்லை எவரும் உண்டதில்லை. அரிசோனாவிலே நவஹோ மக்கள் 1968 ஆம் ஆண்டில் தமக்கெனக் கல்லூரியொன்றை நிறுவினர். அமெரிக்க ஆதிக்குடிகள் தாமே நடத்திய முதற்கல்லூரி அது. இன்று டினேக் கல்லூரி என வழங்கும் அங்கே அவர் மொழியும் சரித்திரமும் ஏனைய பாடங்களோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன. தொழில் கற்பதற்காகத் தாய்மொழியைக் கழற்றி வைக்கவேண்டும் என்ற நியதி எங்குமில்லை.

கணக்குக் கேட்கும் உரிமை

இவையெல்லாம் எவ்வாறு வெளிச்சத்துக்கு வந்தன? பல மாநிலங்களிலே கல்லூரியின் பரிபாலன சபை ஊரவரின் வாக்கினால் தெரிவாகிறது. செலவில் ஒரு பங்கு ஊர்க் காணிகளின் மீதுள்ள வரியிலிருந்து வருகிறது. கலிபோர்னியாவில் 1953 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அத்தகைய சபைகள் கதவைத் திறந்து வைத்தே கூடவேண்டும். வழமையான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணித்தியாலத்துக்கு முன்னரே ஒட்டப்படவேண்டும். ஊரவர் எழுந்து பேச இடமளிக்கப்படவேண்டும். கல்லூரித் தலைவர் சேர்வையும் கூட்டுறவையும் பற்றி அறிக்கை சமர்ப்பிப்பது அந்தச் சபையிலேதான். கைதட்டுவோர் முன்னிலையிலன்று, கேள்வி கேட்போர் முன்னிலையில்.

அங்கும் தவறுகள் நேர்வதுண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் நிதியும் நிருவாகமும் சீர்குலைந்துள்ளன என்று 2012 ஆம் ஆண்டில் எச்சரித்த தராதரச் சபை, மறு ஆண்டில் அங்கீகாரத்தையே நீக்கத் தீர்மானித்தது. நகரத்தின் சட்டத்தரணி வழக்குத் தொடுத்தார். தராதரச் சபையும் சட்டப்படி நடக்கவில்லை என்று 2015 ஆம் ஆண்டில் நீதிபதி கண்டார். 2017 ஆம் ஆண்டில் அங்கீகாரம் உறுதியாயிற்று. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் ஆயிரமாயிரம் மாணவர் அக்கல்லூரியை விட்டகன்றனர். கணக்கை ஒழுங்காக வைத்திராத கல்லூரியும், நியாயமாக விசாரியாத மேற்பார்வையாளரும் மோதிக்கொண்டதில் நசுங்கியவர் பிள்ளைகளே.

நமது நாட்டின் நிலை யாது? தொழில்நுட்பக் கல்லூரிகள் கொழும்பிலுள்ள திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன. தொழிற்கல்விக்கு மேலாக 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி ஆணைக்குழு ஒன்று உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் உதவியோடு 2016 ஆம் ஆண்டிலே பயிற்சி நிலையமொன்று திறக்கப்பட்டது. இவற்றில் தொண்டு மனத்தோடு உழைக்கும் ஆசிரியரும் அதிபரும் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்களுடைய கைகளைச் சுற்றறிக்கைகளாற் கட்டிவைத்துவிட்டு, ஓடவில்லை என்று குறை கூறுவது நீதியாகாது. ஒரு புதிய பாடநெறியைத் தொடங்கவும், ஒரு வெற்றிடத்தை நிரப்பவும் தலைநகரின் அனுமதியை நோக்கியிருப்பவரிடம் கென்ரக்கியின் விரைவை எதிர்பார்க்க முடியுமா? ஊருக்குரிய கல்லூரியின் அதிகாரம் ஊருக்கு அருகில் இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

ஆயினும், அதிகாரம் வரும்வரை வாய்மூடியிருக்க வேண்டியதில்லை. 2015 ஆம் ஆண்டின் பத்தொன்பதாம் திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பிற் சேர்த்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. அரசினர் கல்லூரி ஒவ்வொன்றும் அச்சட்டத்துக்குட்பட்டது. எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். காரணம் கூறவும் வேண்டியதில்லை. அப்புக்காத்தின் வீட்டுப்படி ஏறாமலே செய்யக்கூடிய காரியம் இது.

ஆகவே, பெற்றாரும் கமக்காரர் அமைப்புகளும் பழைய மாணவர் சங்கங்களும் தத்தம் பகுதிக் கல்லூரியிடம் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று நாம் விரும்புகிறோம். ஒன்று: சென்ற மூன்றாண்டிலே பாடநெறிதோறும் சேர்ந்தவர், நின்றவர், முடித்தவர் எத்தனை பேர்? இரண்டு: முடித்து ஓராண்டு கழிந்தபின் கற்ற தொழிலிலேயே இருப்பவர் எத்தனை பேர்? மூன்று: கைச்சாத்திட்ட உடன்படிக்கை ஒவ்வொன்றினாலும் பயிற்சியோ வேலையோ பெற்றவர் எத்தனை பேர்? நான்கு: நின்றவரிடம் ஏன் நின்றீர் என்று எவராவது கேட்டதுண்டா, கேட்டதாயின் விடை யாது?

இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடையளிக்கும் அதிபரின் தொகைகள் பெரும்பாலும் அழகாயிரா. நூறு பேரில் நாற்பது பேர் நின்றனர் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால், அவரைத் தூற்றுவது மகா மூடத்தனம். தூற்றினால் மறு ஆண்டு அவரும் மறைக்கக் கற்றுக்கொள்வார். அவருக்குப் பக்கபலமாக நின்று, பஸ் காசு இல்லாமையே காரணமாயின் பஸ் காசுக்கு வழி தேடுவதும், தொழிற்கருவி இல்லாமையே காரணமாயின் கருவி வாங்கிக் கொடுப்பதும் நம் கடன். உத்தியோகத்திலிருப்போர் மாதம் ஒரு பிள்ளையின் பயணச் செலவை ஏற்கலாம். சொந்தத் தொழிலகம் வைத்திருப்போர் வாரத்தில் மூன்று நாள் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு வேலை பழக்கலாம். பெருநிலம் வைத்திருக்குங் கமக்காரர் ஒரு போகத்துக்கு ஒரு துண்டு வயலைக் கல்லூரிக்குப் பயிற்சிக்காக விடலாம். கோபுரத்துக்கு அள்ளிக்கொடுக்கும் புலம்பெயர்ந்த உறவினர் இதற்குக் கிள்ளியாவது கொடுக்கமாட்டார்களா?

அடுத்த விழாவில் அதிபர் எழுந்து சேர்ந்தவர் தொகையை வாசிக்கும்போது கைதட்டுங்கள். தட்டி முடிந்ததும் ஒருவராவது எழுந்து, பணிவாக, ஆனால் எல்லோர் காதிலும் விழும்படியாக, தேறியவர் எத்தனை ஐயா என்று கேளுங்கள். அக்கேள்வி எழும் ஊரிலே இடாப்பில் ஏறிய பிள்ளை எவனும் சொல்லாமற் கொள்ளாமல் காணாமற்போக மாட்டான்.